குழந்தைக்குத் தடுப்பூசி: எப்போது, எதற்கு, எப்படி? பெற்றோருக்கான முழுமையான வழிகாட்டி

"ஆறாவது வாரத்தில் போட வேண்டிய ஊசியை மூன்று மாதம் கழித்துப் போட்டால் என்ன ஆகிவிடும்? எப்படியும் போடத்தானே போகிறோம்?"

தடுப்பூசியே வேண்டாம் என்று சொல்கிற பெற்றோரைவிட இப்படித் தள்ளிப்போடுகிறவர்கள்தான் என் கண்ணில் அதிகம் படுகிறார்கள். குழந்தைக்கு லேசாகச் சளி, வீட்டில் விசேஷம், போன தடவை அழுத அழுகை இன்னும் மறக்கவில்லை, கொஞ்சம் எடை போடட்டும்... காரணங்களுக்குப் பஞ்சமே இல்லை. அட்டையில் குறித்துக் கொடுக்கும் தேதியைச் சும்மா ஒரு வசதிக்காகப் போட்ட தேதி என்று நினைப்பதால் வரும் அலட்சியம் இது. ஒவ்வொரு தேதிக்கும் ஒரு காரணம் இருக்கிறது. அது தெரிந்துவிட்டால் யாரும் நினைவூட்டாமலே போய் நிற்பீர்கள்.

அந்தத் தேதிகள் எப்படி வந்தன?

பிறந்த குழந்தையின் ரத்தத்தில் கிருமிகளை எதிர்க்க இருக்கும் புரதங்கள், அதாவது எதிர்ப்பொருள் எல்லாம் கிட்டத்தட்ட அம்மா கொடுத்தனுப்பியதுதான். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான் அது நஞ்சுக்கொடி வழியாக அதிகமாக இறங்குகிறது. ஆகவே குறைமாதத்தில் பிறந்த குழந்தையிடம் இந்தக் கையிருப்பு குறைவு. நிறைமாதக் குழந்தையிடமும் அது நாளாக நாளாகக் கரைந்துகொண்டே போகும். கரையும் வேகம் நோய்க்கு நோய் மாறும். தட்டம்மைக்கு எதிரானது பல மாதங்கள் தாக்குப்பிடிக்கும். கக்குவான் இருமலுக்கு எதிரானதோ, அம்மா கர்ப்பகாலத்தில் அதற்கான தடுப்பூசியைப் போட்டுக்கொண்டிருந்தால் ஒழிய, பெரும்பாலும் பேருக்குத்தான் இருக்கும்.

தாய்ப்பால் போதாதா என்று கேட்பார்கள். வயிற்றுப்போக்கு, மூச்சுத்தொற்று போன்றவற்றிலிருந்து தாய்ப்பால் நல்ல பாதுகாப்பு தருகிறது, சந்தேகமே இல்லை. ஆனால் போலியோவையோ டெட்டனஸையோ தட்டம்மையையோ தடுக்க அதை நம்பி இருக்க முடியாது.

தடுப்பூசியை ரொம்ப முந்திக் கொடுத்தால், சில நோய்களில் அம்மாவின் எதிர்ப்பொருளே அதை வேலை செய்யவிடாமல் அடக்கிவிடும். பிந்திக் கொடுத்தால் நோய் முந்திக்கொள்ளும். நடுவில் இருக்கும் அந்த இடைவெளியைப் பார்த்துத்தான் அட்டவணை போடுகிறார்கள். நாட்டுக்கு நாடு அது சற்று மாறும். ஒரு நாட்டில் 6, 10, 14 வாரங்கள், இன்னொரு நாட்டில் 2, 4, 6 மாதங்கள். அந்தந்த நாட்டில் எந்த நோய் எந்த வயதில் தாக்குகிறது என்பதைப் பொறுத்த முடிவு அது. உங்கள் குழந்தைக்கு உங்கள் நாட்டு அட்டவணைதான் கணக்கு. இணையத்தில் பார்த்த வேறு நாட்டு அட்டவணையோடு ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம்.

படி 1: பிறப்பதற்கு முன்பே தொடங்குங்கள்

குழந்தையின் முதல் தடுப்பூசி உண்மையில் அம்மாவுக்குப் போடும் ஊசிதான். சுத்தமில்லாத கருவியால் தொப்புள்கொடியை வெட்டும்போது டெட்டனஸ் கிருமி புகுந்தால் பச்சிளம் குழந்தை பிழைப்பது கடினம். கர்ப்பிணிக்குப் போடும் டெட்டனஸ் ஊசி அதைத் தடுக்கிறது. பல நாடுகளில் இதோடு கக்குவான் இருமல் தடுப்பூசியையும் கர்ப்பத்தின் நடுப்பகுதியிலோ கடைசி மூன்று மாதங்களிலோ கொடுக்கிறார்கள். கக்குவானில் உயிர் போவது பெரும்பாலும் சொந்தமாக ஊசி போட்டுக்கொள்ளும் வயதுகூட ஆகாத சிசுக்களுக்குத்தான் என்பது இதற்குக் காரணம்.

கர்ப்பகால ரத்தப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் பி முடிவு என்ன என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த படியில் அது தேவைப்படும்.

படி 2: பிறந்த நாள்

ஹெபடைடிஸ் பி ஊசியை 24 மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இவ்வளவு அவசரம் எதற்கு? கல்லீரலைத் தாக்கும் இந்த வைரஸ் பெரியவர்களுக்கு வந்தால் 100 பேரில் 5 பேருக்கும் குறைவாகவே ஆயுளுக்கும் தங்குகிறது. பிரசவ நேரத்தில் தொற்றிய குழந்தைகளிலோ ஏறத்தாழ 90 சதவீதம் பேருக்குத் தங்கிவிடுகிறது. பின்னாளில் கல்லீரல் சுருக்கம், கல்லீரல் புற்றுநோய் என்று அது தலைகாட்டும். அம்மாவுக்குத் தொற்று இருந்தால் இந்த ஊசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற, தயாரான எதிர்ப்பொருளை நேரடியாகத் தரும் இன்னொரு ஊசியும் போடச் சொல்வார்கள். இங்கே மணிக்கணக்கு முக்கியம்.

காசநோய் பரவலாக உள்ள நாடுகளில் பிசிஜி ஊசியும் அன்றைக்கே. இது மேல்கையில், தோலுக்குள்ளேயே போடும் ஊசி. போட்ட இடத்தில் உடனே பெரிதாக எதுவும் தெரியாது. சில வாரங்கள் கழித்து சின்னக் கொப்புளம் எழும்பும், சீழ் கோக்கும், உடையும், பொருக்குத் தட்டும், கடைசியில் ஒரு சிறிய தழும்பு நிற்கும். மூன்று மாதம்வரைகூட இது நடக்கலாம். இந்தச் சீழைப் பார்த்துப் பயந்து பிதுக்குகிறவர்களும் மருந்து தடவுகிறவர்களும் உண்டு. இரண்டுமே வேண்டாம், தானாக ஆறிவிடும். தழும்பே வரவில்லை என்றாலும் ஊசி வேலை செய்யவில்லை என்று அர்த்தமில்லை. பிசிஜி எல்லா வகைக் காசநோயையும் தடுத்துவிடாது. சிறு குழந்தைகளின் மூளை உறையைத் தாக்கும் காசநோய், உடல் முழுதும் பரவும் காசநோய் ஆகியவற்றுக்கு எதிராகத்தான் அதன் பலம்.

சில நாடுகளில் போலியோ சொட்டு மருந்தின் முதல் தவணையும் பிறந்தவுடனே தரப்படும். சொட்டு மருந்து கொடுத்ததும் தாய்ப்பால் கொடுக்கலாம், காத்திருக்கத் தேவையில்லை.

படி 3: ஆறு வாரத்திலிருந்து ஆறு மாதத்துக்குள்

தள்ளிப்போடுவதால் அதிக ஆபத்து வரும் கட்டம் இது. தொண்டை அடைப்பான், டெட்டனஸ், கக்குவான், ஹெபடைடிஸ் பி, ஹிப் என்ற பாக்டீரியா நோய் ஆகிய ஐந்தையும் ஒரே ஊசியில் அடக்கிய பெண்டாவேலன்ட், போலியோ, நிமோகாக்கல், ரோட்டா வைரஸ் என்று ஒரே நாளில் பலவும் வரும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு அல்லது மூன்று தவணை. தவணைகளுக்கு நடுவே குறைந்தது நான்கு வாரம்.

கக்குவானையே எடுத்துக்கொள்வோம். பெரியவர்களுக்கு அது விடாத இருமல், அவ்வளவுதான். இரண்டு மாதக் குழந்தைக்கோ இருமவே தெம்பிருக்காது. மூச்சு நின்று நின்று வரும், உதடு நீலம் பாரிக்கும். வீட்டில் ஒருவர் சாதாரண இருமல் என்று நினைத்துக்கொண்டு குழந்தையைக் கொஞ்சினாலே போதும். ஹிப், நிமோகாக்கஸ் என்ற இரண்டு பாக்டீரியாக்களும் நிமோனியாவையும் மூளை உறை அழற்சியையும் உண்டாக்குபவை. குழந்தைகளில் முக்கியமாக இரண்டு வயதுக்குள் இருப்பவர்களைத்தான் தாக்கும். முதல் தவணையோடு பாதுகாப்பு முழுமையாக வந்துவிடாது என்பதையும் நினைவில் வையுங்கள். மூன்றில் ஒன்று போட்டுவிட்டோம், மீதியை மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம் என்பது தப்புக் கணக்கு.

கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸுக்கான மருந்து வாய்வழியே தருவது. இதற்கு மட்டும் ஒரு தனிக் கெடு உண்டு. முதல் தவணையை 15 வாரம் நிறைவதற்குள் தொடங்கிவிட வேண்டும் என்பது பல நாடுகளின் விதி. குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்ளும் ஒரு கோளாறு, மருந்து கொடுத்த பிறகு மிக மிக அரிதாக, ஒரு லட்சம் குழந்தைகளில் ஓரிருவர் முதல் ஐந்தாறு பேர்வரை, வரக்கூடும். அது இயல்பாகவே அதிகமாக வரும் வயதுக்கு முன்பே மருந்தைத் தொடங்குவதற்காகத்தான் இந்தக் கெடு. மருந்து கொடுத்த சில நாட்களுக்குள் குழந்தை விட்டுவிட்டு வீறிட்டு அழுது காலை மடக்கினால், தொடர்ந்து வாந்தி எடுத்தால், மலத்தில் ரத்தம் தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

படி 4: ஒன்பது முதல் பன்னிரண்டாம் மாதம், தட்டம்மை

"அம்மைதானே, வந்துவிட்டுப் போகட்டும்" என்று சொல்கிறவர்களிடம் எனக்குக் கொஞ்சம் கோபமே வரும். 2023-ல் மட்டும் உலகெங்கும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்களை தட்டம்மை கொண்டுபோனது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. பெரும்பாலோர் ஐந்து வயதுக்கும் கீழே.

மனிதர்களுக்குத் தெரிந்த நோய்களிலேயே வேகமாகப் பரவுவதில் இது முன்வரிசை. எதிர்ப்புச் சக்தி இல்லாதவர்கள் நடுவே ஒரு நோயாளி 12 முதல் 18 பேருக்குக் கொடுத்துவிடுவார். அவர் அறையை விட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம்வரை வைரஸ் அங்கேயே காற்றில் இருக்கும். தடிப்பு தோன்றுவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே பரப்ப ஆரம்பித்துவிடுவார் என்பதால், "நோயாளியிடமிருந்து விலகி இருக்கிறோம்" என்பதெல்லாம் நடக்காது. சுற்றியிருப்பவர்களில் 95 சதவீதம் பேருக்கு எதிர்ப்புச் சக்தி இருந்தால்தான் பரவல் அடங்கும்.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று: தட்டம்மை போன பிறகும் அதன் சேதம் போவதில்லை. நம் உடல் இதுவரை சந்தித்த கிருமிகளைப் பற்றிச் சேர்த்து வைத்திருக்கும் நினைவை அந்த வைரஸ் அழிக்கிறது. 2019-ல் வெளியான ஓர் ஆய்வில், தட்டம்மை வந்த தடுப்பூசி போடாத குழந்தைகள் ஏற்கெனவே பெற்றிருந்த எதிர்ப்பொருள் வகைகளில் 11 முதல் 73 சதவீதம்வரை இழந்திருந்தார்கள். காய்ச்சல் விட்ட பிறகு மாதக்கணக்கில் நிமோனியா, வயிற்றுப்போக்கு என்று குழந்தை மாறி மாறிப் படுத்துக்கொள்வது இதனால்தான்.

சரி, இவ்வளவு ஆபத்து என்றால் பிறந்தவுடனே போடக் கூடாதா? முன்னே சொன்ன அம்மாவின் கையிருப்புதான் குறுக்கே நிற்கிறது. ஒன்பது மாதத்தில் போட்டால் சுமார் 85 சதவீதக் குழந்தைகளுக்கு எதிர்ப்புச் சக்தி வரும், பன்னிரண்டில் போட்டால் 90-ஐத் தாண்டும். நோய் அதிகமுள்ள இடத்தில் பன்னிரண்டு மாதம்வரை காத்திருப்பது ஆபத்து என்பதால் ஒன்பதிலேயே போடுகிறார்கள். முதல் ஊசி பலிக்காதவர்களைப் பிடிக்கத்தான் இரண்டாவது. அதை வெறும் பூஸ்டர் (ஏற்கெனவே வந்த பாதுகாப்பை வலுவாக்கும் கூடுதல் ஊசி) என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். நோய் பரவிக்கொண்டிருக்கும் நேரத்தில் ஆறாவது மாதத்திலேயே ஒன்று போடச் சொல்லலாம். அது கூடுதல் ஊசி, கணக்கில் வராது. வழக்கமான இரண்டும் அதற்குப் பிறகும் வேண்டும்.

இதே ஊசியில் ருபெல்லாவும், சில நாடுகளில் பொன்னுக்கு வீங்கியும் சேர்ந்திருக்கும். ருபெல்லா குழந்தைக்கு லேசான நோய்தான். ஆனால் அந்தக் குழந்தையிடமிருந்து ஒரு கர்ப்பிணிக்குத் தொற்றினால் கருவின் கண், காது, இதயம் பாதிக்கப்படும்.

1974-ல் உலக சுகாதார நிறுவனம் குழந்தைத் தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கியது. அப்போதிலிருந்து 50 ஆண்டுகளில் தடுப்பூசிகள் காப்பாற்றிய உயிர்கள் 15.4 கோடி என்றும், அதில் தட்டம்மைத் தடுப்பூசியின் பங்கு சுமார் 60 சதவீதம் என்றும் 2024-ல் கணக்கிட்டார்கள். இந்தப் பகுதி நீண்டுபோனதற்கு அதுவே காரணம்.

படி 5: இரண்டாம் வயது

குழந்தை நடக்கத் தொடங்கியதும் தடுப்பூசி அட்டை அலமாரிக்குள் போய்விடும். முதல் வருடத்தில் கட்டியதெல்லாம் இளகத் தொடங்குவது இந்தச் சமயத்தில்தான். தொண்டை அடைப்பான், டெட்டனஸ், கக்குவான் பூஸ்டர், தட்டம்மை இரண்டாம் தவணை ஆகியவை இந்த வயதில் வரும். சின்னம்மை, ஹெபடைடிஸ் ஏ, டைபாய்டு, ஜப்பானிய மூளைக்காய்ச்சல் போன்றவை நீங்கள் இருக்கும் நாட்டைப் பொறுத்தவை, மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 6: ஊசி போடும் நாள்

அட்டையை மறக்காதீர்கள். தொடை எளிதாகத் தெரியும்படி தளர்வான உடை போடுங்கள். போன தடவை ஊசிக்குப் பிறகு ஏதாவது நடந்திருந்தால், குழந்தைக்கு வலிப்பு, ஒவ்வாமை, எதிர்ப்புச் சக்திக் குறைபாடு இருந்தால், ஸ்டீராய்டு மருந்து ஓடிக்கொண்டிருந்தால், அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

மருந்துக் குப்பியைக் காட்டச் சொல்லிப் பார்ப்பதில் தப்பே இல்லை. முதலில் காலாவதித் தேதி. பல நாடுகளில் அரசுத் திட்டக் குப்பிகளின் மேல் ஒரு சின்ன வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் அச்சிட்டிருப்பார்கள். மருந்து பட்ட வெப்பத்தைக் கணக்கு வைத்துக்கொள்ளும் அடையாளம் அது. சூடு பட்டுப் படச் சதுரம் கறுத்துக்கொண்டே வரும். வட்டத்தைவிடச் சதுரம் வெளிறியிருந்தால் பயன்படுத்தலாம். இரண்டும் ஒரே நிறமாகிவிட்டாலோ, சதுரம் அதிகக் கறுப்பானாலோ அந்தக் குப்பியைத் தூக்கிப் போட வேண்டியதுதான். உறைந்து கெட்டுப்போனதை மட்டும் இது காட்டாது. பெண்டாவேலன்ட், ஹெபடைடிஸ் பி போன்றவை உறைந்தால் பயனற்றுப் போகும். அதனால்தான் 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைக்கிறார்கள்.

ஊசி போடும்போது குழந்தையை மடியில் நிமிர்த்தி அணைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். படுக்க வைத்து அமுக்கிப் பிடித்தால் பயம்தான் கூடும். பால் குடிக்கும் குழந்தை என்றால் குடித்துக்கொண்டிருக்கும்போதே போடச் சொல்லுங்கள், வலி குறைகிறது. வாய்வழி மருந்து முதலில், அதிகம் வலிக்கும் ஊசி கடைசியில். கைக்குழந்தைக்குத் தொடையின் முன்-வெளிப்பக்கம்தான் சரியான இடம், பிட்டத்தில் போடக் கூடாது. ஒரே நாளில் இரண்டு மூன்று ஊசி போடுவதைப் பார்த்து மனம் பதறும். பரவாயில்லை, மூன்று தடவை கூட்டி வருவதைவிட ஒரே தடவையில் அழுது முடிப்பதுதான் குழந்தைக்கும் நல்லது.

முடிந்ததும் கிளம்பிவிடாமல் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். கடுமையான ஒவ்வாமை பத்து லட்சம் தவணைகளில் ஏறத்தாழ ஒன்றில்தான் வரும். வந்தால் பெரும்பாலும் உடனடியாகவே வரும், அங்கே அதற்கான மருந்தும் கையில் இருக்கும்.

படி 7: வீட்டுக்கு வந்த பிறகு

ஊசி போட்ட இடம் சிவந்து வீங்கும், குழந்தை சிணுங்கும், காய்ச்சல் அடிக்கலாம். பெண்டாவேலன்டுக்குப் பிறகு வரும் காய்ச்சல் முதல் ஓரிரு நாளில் வந்து போய்விடும். தட்டம்மை ஊசிக்கு வேறு கணக்கு: ஒரு வாரம் பத்து நாள் கழித்துத்தான் காய்ச்சலும் லேசான தடிப்பும் வரும். ஊசி போட்டதையே மறந்துபோன நேரத்தில் வருவதால் வீட்டில் குழம்பிப் போவார்கள்.

தாய்ப்பாலை அடிக்கடி கொடுங்கள். வீங்கிய இடத்தில் சுத்தமான ஈரத்துணி போதும். தேய்க்கவும் வேண்டாம், எதையும் பூசவும் வேண்டாம். பாராசிட்டமாலை எடைக்கேற்ற அளவு கேட்டு, காய்ச்சலோ வலியோ வந்தால் கொடுங்கள். மருத்துவர் சொன்னால் ஒழிய முன்கூட்டியே கொடுக்காதீர்கள். ஆஸ்பிரின் கூடவே கூடாது. சில வாரங்களுக்குச் சிறிய கட்டி போல் தட்டுப்படும், தானே கரையும்.

மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓயாமல் வீறிட்டு அழுதால், வலிப்பு வந்தால், துவண்டு போய்ப் பால் குடிக்காமல் கிடந்தால், மூச்சுத் திணறினால், மூன்று மாதத்துக்கும் குறைந்த குழந்தைக்குக் காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மருத்துவரிடம் போக வேண்டும்.

எப்போது தள்ளிப்போடலாம்?

சளி, லேசான இருமல், சாதாரண வயிற்றுப்போக்கு, ஆன்டிபயாட்டிக் சாப்பிடுவது, பல் முளைப்பது எதுவுமே காரணமில்லை. குறைமாதக் குழந்தைக்கும் பிறந்த தேதியிலிருந்துதான் வயதைக் கணக்கிட வேண்டும். எடை மிகக் குறைவாக இருந்தால் ஹெபடைடிஸ் பி விஷயத்தில் மட்டும் மருத்துவர் வேறு மாதிரி சொல்லக்கூடும். கடும் காய்ச்சலோ தீவிர நோயோ இருந்தால் சரியாகும்வரை பொறுக்கலாம். முந்தைய தவணைக்கு உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை வந்திருந்தால் அதே தடுப்பூசியை மறுபடி போடக் கூடாது. எதிர்ப்புச் சக்தி கடுமையாகக் குறைந்த குழந்தைகளுக்கு பிசிஜி, தட்டம்மை போன்ற உயிருள்ள கிருமித் தடுப்பூசிகளை நிபுணர் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பயம் பற்றி

தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா மூன்றும் சேர்ந்த எம்எம்ஆர் ஊசியால் ஆட்டிசம் வரும் என்ற பேச்சு, 1998-ல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 12 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரையில் தொடங்கியது. 2010-ல் அந்தக் கட்டுரையை வெளியிட்ட மருத்துவ இதழே அதைத் திரும்பப் பெற்றது, பிரிட்டனில் அவரது மருத்துவப் பதிவும் பறிபோனது. டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2019-ல் வெளியான ஆய்விலும் தொடர்பு எதுவும் இல்லை. பேச்சு மட்டும் இன்னும் ஓயவில்லை.

பயத்துக்கு என்ன விலை என்பதற்கு இரண்டு நாடுகளின் கதை போதும். 1974-ல் ஜப்பானில் கக்குவான் நோயாளிகள் 393 பேர், சாவு இல்லை. ஊசிக்குப் பிறகு இரண்டு குழந்தைகள் இறந்ததாக எழுந்த அச்சத்தில் தடுப்பூசி போடுவது சரிந்தது. 1979-ல் 13,000-க்கும் மேற்பட்டோருக்கு நோய், 41 பேர் மரணம். பசிபிக் தீவு நாடான சமோவாவில் 2018-ல் எம்எம்ஆர் ஊசி போட்ட இரண்டு சிசுக்கள் இறந்தன. மருந்துப் பொடியைக் கலக்க வேண்டிய நீருக்குப் பதிலாக, காலாவதியான தசைத் தளர்த்தி மருந்தைக் கலந்ததுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. அதற்குள் ஊசி போடும் விகிதம் சுமார் 31 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. அடுத்த ஆண்டே தட்டம்மை புகுந்து 83 பேரைக் கொன்றது, பெரும்பாலும் சின்னஞ்சிறு குழந்தைகள். அந்தப் பெற்றோர் பயந்ததில் நியாயமே இருந்தது. சந்தேகம் வந்தால் கேளுங்கள், குப்பியைப் பாருங்கள், மருத்துவரை விளக்கச் சொல்லுங்கள். கேள்வி கேட்டுக்கொண்டே ஊசியையும் போட்டுக்கொள்ளலாம்.

தவறிப் போயிருந்தால்

முதலிலிருந்து தொடங்க வேண்டுமோ என்று நினைத்தே பலர் போகாமல் இருந்துவிடுகிறார்கள். தேவையில்லை. இடைவெளி எவ்வளவு நீண்டாலும் ஏற்கெனவே போட்ட தவணைகள் கணக்கில் இருக்கும், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பல தடுப்பூசிகளை ஒரே நாளில் சேர்த்துப் போட்டு ஈடுகட்டவும் முடியும். ஊசியாகப் போடும் இரண்டு உயிருள்ள தடுப்பூசிகளை மட்டும் ஒரே நாளில் போட வேண்டும், இல்லையென்றால் நான்கு வாரம் இடைவெளி விட வேண்டும். ரோட்டாவுக்கு வயது தாண்டிவிட்டால் அதை விட்டுவிட்டு மற்றதைப் பாருங்கள்.

அட்டை தொலைந்துவிட்டால் ஊசி போட்ட இடத்துப் பதிவேட்டில் கேட்டுப் பாருங்கள். எங்குமே பதிவு இல்லாத தவணையைப் போடாததாகவே எடுத்துக்கொண்டு மறுபடி போடுவார்கள், பெரும்பாலான தடுப்பூசிகளில் அதனால் கெடுதல் இல்லை. இந்த அலைச்சலே வேண்டாம் என்றால், ஒவ்வொரு தடவையும் அட்டையைப் படம் எடுத்து வீட்டில் இரண்டு பேருடைய போனிலாவது வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தேதியைப் போன் நாள்காட்டியில் குறித்துவிட்டே அங்கிருந்து கிளம்புங்கள்.